வாயில்லாத ஜனங்க பாடுன வாழ்த்து

புடவை விக்க வர்லைங்க ஐயா, வீட்டம்மாவ கூப்பிட வாணாம். என் கையில மூட்டை எதுனா இருக்குதா பாருங்க. உங்களத்தான் பாக்க வந்தேன். நீங்கதானே அந்த ஆகாயத் தோணி கதை எழுதுறவரு? அப்பாடா. புக்குல இருக்குற பேரச் சொல்லி இந்த சின்ன காஞ்சிபுரம் பூரா விசாரிச்சிட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. கடைசியில புக்கு கடை சபாபதிதான் சொன்னாரு, அது நம்ம கணக்கு வாத்தியாருதாம்மா, கதைக்குன்னு தனியா ஒரு பேரு வெச்சிக்கினு இருக்காருன்னு. கணக்கு வாத்தியாரு வானத்துல கப்பல் ஓட்டுவாருன்னு யாரு கண்டா.

நாற்காலியும் வாணாம், நான் இப்பிடி கீழயே குந்திக்கிறேன். பிள்ளையார்பாளையத்துலேர்ந்து நடந்துதான் வர்றேன். என் பேரு லோகாம்பாள். எங்கூட்டுக்காரரு முனிரத்தினம், பட்டுத் தறி. ரெண்டு கொழந்தைங்க. பெரியவ அலமு, இந்த வருசம்தான் பதினொண்ணாவது பாஸ் பண்ணுச்சி. அப்பால ஒரு பையன். எனக்கு எழுத்து தெரியாதுங்க ஐயா. அவருக்கு கையெழுத்து மட்டும் போட வரும். ஆனா உங்க கதை ஆறு பாகமும் எனக்கு அத்துப்படி. நீங்க மறந்ததுகூட எனக்கு ஞாபகம் இருக்குது. சிரிக்காதீங்க, நான் சண்டை போடத்தான் வந்திருக்கேன்.

மொதல்ல இத்த சொல்லுங்க. மூணாம் பாகத்துல ஒரு கோளுல போயி எறங்குறாங்களே, அங்க இருக்குற ஜனங்களுக்கு வாயே கெடையாது. நெத்தியில வெளிச்சம் விட்டு விட்டுத்தான் பேசிக்குவாங்க. பச்சை வந்தா சந்தோசம், செவப்பு வந்தா கோவம். நீங்கதானே எழுதுனீங்க? அப்ப ஆறாம் பாகத்துல அதே ஜனங்க கல்யாணத்துக்கு வந்து, பந்தல்ல நின்னுக்கினு வாழ்த்துப் பாடுறாங்களே, எந்த வாயால பாடுனாங்க? அந்த எடம் படிக்கும்போது எங்க பக்கத்து வீட்டு வடிவாம்பா கையில இருந்த வேலைய வுட்டுட்டு எழுந்து நின்னா. இவங்களுக்கு எப்பம்மா வாயி மொளச்சிதுன்னு கேட்டா. நாலாம் பாகத்துல கால் போன சமையக்காரரு, அவரு ஆறாம் பாகத்துல ஓடி ஓடி சந்தனம் குடுக்குறாரு. கதையில பொய்யி இருக்கலாம் ஐயா, நாங்க ஒத்துக்குறோம். கப்பலு வானத்துல போவுதுன்னா சரின்னு கேட்டுக்குறோம். ஆனா நீங்க சொன்ன பொய்யிக்கு நீங்களே உண்மையா இருக்க வாணாமா?

எழுத்து தெரியாம எப்பிடி படிச்சோமுன்னு கேக்குறீங்களா? அலமு படிக்கும், நாங்க கேப்போம். தறி ஓடுற நாள்ல பக்கத்துல இடி விழுந்தாலும் காதுல விழாது. ஆனா ஒரு பாவு, அதான் தறியில நீளவாக்குல போற நூலு, நெய்ஞ்சி முடிஞ்சி புதுப் பாவு ஏத்துறோம் பாருங்க, அன்னிக்கு பழைய நூலு முனையும் புது நூலு முனையும் ஒண்ணொண்ணா சேத்துப் பிணைக்கணும். சாம்பலத் தொட்டுத் தொட்டு விரலால முறுக்குறதுதான். ஆயிரக் கணக்குல நூலு, பொழுது பூரா ஆவும். தறி சத்தம் இருக்காது. பொம்பளைங்க எதிரும் புதிருமா குந்திக்கினு முறுக்கிக்கினே இருப்போம். கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை, காது சும்மா கெடக்குது. அன்னிக்குத்தான் அலமு புக்க எடுக்கும். எங்க வீட்டுல பிணைச்சாலும் அதுதான் படிக்கும், அடுத்த வீட்டுல பிணைச்சாலும் அதத்தான் கூப்பிடுவாங்க. இந்த எடத்துல கதை நிக்குதேன்னு எங்கூட்டுக்காரரு மறு பாவுக்காக அவசர அவசரமா நெய்ஞ்சிருக்காருன்னா பாத்துக்கோங்க.

கதையில வர்ற அந்த மின்னொளி பொண்ணு மேல எங்க தெருவே உசுரா இருந்துச்சி ஐயா. அலமு வயசுதான் அதுக்கும். ரெண்டாம் பாகத்துல கப்பல் தளபதி மயக்கமா விழுந்துடுறாரு, கூட இருக்குற பசங்கல்லாம் ஓன்னு அழுவுதுங்க, அது மட்டும் ஓடிப்போயி சுக்கானப் புடிச்சிக்குதே, அப்பலேர்ந்து. சந்திரன்ல மறுபடியும் ஆளுங்க எறங்கிட்டாங்கன்னு ரேடியோவுல சொன்னப்ப எங்கூட்டுக்காரரு இன்னா சொன்னாரு தெரியுமா? இவங்க இப்பத்தான் வர்றானுங்க, மின்னொளி அதத் தாண்டி எப்பவோ பூட்டாளேன்னாரு. கிண்டலுக்கு இல்ல, நெஜமாவே சொன்னாரு.

அஞ்சாம் பாகத்த எங்க கொண்டுபோயி நிறுத்துனீங்க? ஞாபகம் இருக்குதா? கப்பல்ல எண்ணெய் ஒரு பக்கம் போறதுக்குத்தான் இருக்குது. திரும்பினா பூமிக்கு வரலாம். நேரா போனா நீல நட்சத்திரம். அங்கேர்ந்து யாரோ மின்னொளியப் பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கினே இருக்காங்க. மின்னொளி நெம்புகோலு மேல கைய வெச்சிது. அதோட நிறுத்திட்டீங்க. புண்ணியவான், ஒரு வருசம் எங்களுக்கு வேற பேச்சே இல்ல.

அந்த ஒரு வருசத்துலதான் ஐயா எங்க வீட்டுல இந்தக் கூத்து நடந்துச்சி.

எனக்கு ஒரே தம்பி, பரசுராமன்னு. முசரவாக்கத்துல இருக்கான். எங்க அப்பா நெலத்த அவன்தான் பாத்துக்குறான், பம்பு செட்டு போட்டிருக்கான், ரெண்டு சோடி மாடு. குடி கெடையாது, சீட்டு கெடையாது. அலமு பொறந்தன்னிக்கே எங்க அப்பா சொல்லிட்டாரு, இது பரசுராமனுக்குன்னு. அக்கா பொண்ணுக்காக முப்பது வயசு வரைக்கும் காத்துக்கினு இருக்குறான் பாருடான்னு ஊரே அவனப் பெருமையா பேசுது. மாமன் உரிமை. யாரு இன்னா சொல்ல முடியும்? போன ஐப்பசியில வந்து, பரிசம் போட்டுடலாமாக்கான்னு கேட்டான்.

அலமுவுக்கு மேல படிக்கணும். காலேஜுல பி.யு.சி. சேரணும்னு ஒரே புடியா நிக்குது. எங்கூட்டுக்காரருக்கும் அதான் ஆசை, நான் பொய் சொல்லல. ஆனா மச்சான் மூஞ்சப் பாத்து மாட்டேன்னு சொல்ல அவருக்கு நாக்கு எழும்பல. சொல்றதுக்கு ஒரு கொறை வேணுமே? கொறை இல்லாத மாப்பிள்ளைய எதச் சொல்லித் தள்ளுறது? ஒரு நாளு பாவு பிணைச்சிக்கினு இருக்கோம், அஞ்சாம் பாகத்த திருப்பி ரெண்டாந்தடவ படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினு இருக்கோம், கல்யாணப் பேச்சு வந்துச்சி. அலமு வெளையாட்டுக்குச் சொல்லிச்சி, மின்னொளி எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியட்டும்ப்பா, அப்பால என் கல்யாணத்தப் பேசலாம்னு. இவரு கபால்னு புடிச்சிக்கினாரு. சரிம்மா, மின்னொளி நீல நட்சத்திரத்துக்குப் போனா நீ காலேஜுக்குப் போ, அது பூமிக்குத் திரும்பி வந்தா நீ மாமனக் கட்டிக்கன்னு சொல்லிட்டாரு. எல்லாரும் சிரிச்சோம்.

அப்பாலதான் வடிவாம்பா சொன்னா, அண்ணே, பாவு பிணைக்கிற எடத்துல வாக்கு குடுத்துட்டியேன்னு. எங்கூட்டுக்காரரு குடும்பத்துல அப்பிடி ஒரு நம்பிக்கை ஐயா. பிணைக்கிற எடத்துல குடுத்த வாக்க மாத்தினா அந்த வீட்டுல எந்தப் பாவும் நிக்காது, நூலு அந்துக்கினே இருக்கும். அதனாலதான் பிணைக்கிற அன்னிக்கு யாரும் பொண்ணு கேக்க மாட்டாங்க, சத்தியம் பண்ண மாட்டாங்க. கதை பேசினா தோசமில்லன்னுதான் கதையே படிக்க ஆரம்பிச்சோம். அவரு கதைன்னு நெனச்சிக்கினு வாக்கக் குடுத்துட்டாரு. பரசுராமனுக்கும் ஆளு மேல சொல்லி அனுப்பியாச்சி. அவனும் சிரிச்சானாம். சரி, கதைப் புக்குல இன்னா வருதோ வரட்டும்னானாம்.

ஆனா எங்களுக்கு பயமே இல்ல ஐயா. சத்தியமா பயமே இல்ல. மின்னொளி திரும்பி வர்ற ஆளா? நீங்களே சொல்லுங்க. அஞ்சு பாகமா நீங்க வளத்த பொண்ணு. நாலாம் பாகத்துல தண்ணிக் கோளுல மாட்டிக்கினப்ப, வந்த வழியப் பாக்கறதுக்கு நான் வர்லன்னு தளபதியையே மடக்கிப் பேசிச்சே. அது திரும்புமா? அலமு காலேஜுக்கு எந்தப் பாவாடை தாவணி கட்டிக்கினு போறதுன்னு பேச ஆரம்பிச்சிடுச்சி. நானும் கேட்டுக்கினு இருந்தேன்.

போன மாசம் ஆறாம் பாகம் வந்துச்சி. அலமு வாங்கியாந்து, பிரிக்கவே இல்ல. பாவு பிணைக்கிற நாளு வரைக்கும் சாமி ரூம்புல வெச்சிருந்துச்சி. அன்னிக்கு எங்க வீட்டுல உக்கார எடம் இல்ல, வாசப்படி வரைக்கும் ஆளு. படிக்குது. மொதல் பக்கத்துலயே மின்னொளி நெம்புகோலத் திருப்பிடுச்சி. பூமிக்கு! ஏன்னும் கெடையாது, எதுக்குன்னும் கெடையாது. திடீர்னு வீட்டு ஞாபகம் வந்ததுன்னு ஒரு வரி. சரி, இதுல எதுனா சூது இருக்கும், வழியில மறுபடி திருப்பும்னு நாங்க கேட்டுக்கினு இருக்கோம். திருப்பல. கப்பலு எறங்குது, மாலை போடுறாங்க, தளபதி மகனுக்குக் கட்டி வெக்கிறாங்க. வாயில்லாத ஜனங்க பாடுறாங்க. கடைசி பக்கத்துல அது சமையக்கட்டுல நின்னுக்கினு, ஜன்னலு வழியா நட்சத்திரத்தப் பாக்குது. சாரல் அடிக்குது. ஜன்னலச் சாத்துது. முற்றும்.

ஐயா, எனக்கு வயிறு எரிஞ்சி போச்சி.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அந்த வீட்டுல இருந்த யாருக்கும் எழுத்து தெரியாது. அலமு மட்டும்தான். பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான். மொதல் பக்கத்துலயே அதுக்குத் தெரிஞ்சி போச்சில்ல? மாத்திப் படிச்சிருக்கலாம். நீல நட்சத்திரத்துக்குப் போயிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யாரு கண்டுபுடிக்கப் போறா? மாத்தலியே. நிறுத்துது, அதே வரியில விரல வெச்சிக்கினு மறுபடி படிக்குது. ஒரு எழுத்து விடாம படிச்சி, மூடி வெச்சிட்டு, அப்பா, எப்ப பரிசம் போடுறதுன்னு மாமனுக்குச் சொல்லி அனுப்புங்கன்னுச்சி. ஏண்டி இப்பிடி பண்ண, மாத்திச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேன்னு அப்பால தனியா கேட்டேன். அவரு எழுதினது அதாம்மா, நான் எப்பிடி மாத்துறதுன்னு கேக்குது. உங்களுக்கு இருந்த மரியாதை அது. உங்க மேல அது வெச்சிருந்தது.

எங்கூட்டுக்காரரு அன்னிக்கு சோறு தின்னல. புக்கத் தூக்கிப் பாத்தாரு, தலைகீழாதான் புடிச்சிருந்தாரு பாவம், ரொம்ப நேரம் பாத்தாரு. வாக்கு குடுத்துட்டமேன்னு ஒரே சொல்லு. வர்ற வெள்ளிக்கிழமை பரிசம். தேங்கா பழம் எல்லாம் சொல்லியாச்சி.

இன்னாது? பதிப்பாளரா? அவரு இன்னா சொன்னாரு? பொம்பளப் புள்ளைய வானத்துலயே விட்டுட்டு வந்தா பெத்தவங்க புக்கு வாங்கித் தர மாட்டாங்கன்னா? குடும்பப் பாங்கா முடின்னாரா? நாங்க பெத்தவங்க இல்லியா? எங்களக் கேட்டாரா? பிள்ளையார்பாளையத்துக்கு வந்து ஒரு வீட்டுல கேட்டாரா? அவரு சொன்னாருன்னு நீங்களும் அவசர அவசரமா எழுதிக் குடுத்துட்டீங்க. மூணாம் பாகத்த எடுத்து ஒரு தடவ பொரட்டிப் பாக்கக்கூட இல்ல. பாத்திருந்தா அந்த ஜனங்களுக்கு வாயில்லன்னு தெரிஞ்சிருக்கும். தலைய குனியாதீங்க ஐயா. கோவத்துல பேசுறேன். உங்களயும் யாரோ நெருக்கியிருக்காங்கன்னு புரியிது.

சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. யாரும் நெருக்காம இருந்திருந்தா, உங்க மனசுல இருந்த மின்னொளி எந்தப் பக்கம் போயிருப்பா?

பாத்தீங்களா! எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் ஐயா! நேராத்தான் போயிருப்பா. அந்தக் கூப்பிடுற கொரலு யாருதுன்னுகூட உங்களுக்குத் தெரியுமா? வாணாம், இப்ப சொல்லாதீங்க. அலமுகிட்ட சொல்லுங்க. இதுக்குத்தான் நான் வந்ததே. எங்கூட வந்து, எங்கூட்டுக்காரர்கிட்ட இப்ப எங்கிட்ட சொன்னதச் சொல்லுங்க. அச்சில வந்தது என் முடிவு இல்ல, மின்னொளி நேராத்தான் போனான்னு. இல்ல, ஏழாம் பாகம் ஒண்ணு இருக்குதுன்னாச்சும் சொல்லுங்க. அது போதும். அவரு வாக்கும் நிக்கும், வெள்ளிக்கிழமையும் தள்ளிப் போவும். அவரு அச்சுல வந்தத நம்புற ஆளு இல்ல, ஆள நம்புறவரு. எழுதினவரே வந்து சொன்னா கேப்பாரு. அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவரும் காத்துக்கினு இருக்காரு, நான் அறிவேன்.

அச்சான அப்பால மாத்த உரிமை இல்லன்னா? எழுதிக் குடுத்தா உங்களுக்கு உரிமை பூடுமா? எங்களுக்கு மட்டும் எப்பிடி அந்தக் கதை எங்க பொண்ணு வாழ்க்கை வரைக்கும் வருது?

இல்லைங்க, எங்கூட்டுக்காரரு மொரட்டு ஆளு இல்ல. நான் எதுனா சொன்னா கேப்பாருதான். நானே வாணாம்னு சொல்லலாம்தான். நீங்க கேக்குறது சரி. பெத்தவ சொல்லக்கூடாதா? சொன்னா, ஏன் வாணாம்னு கேப்பாரே. உன் கூடப் பொறந்தவனாச்சே, நீதானே தூக்கி வளத்த, உனக்கே இன்னாடி வந்துச்சின்னு கேப்பாரே. எங்க அம்மா சின்ன வயசுலயே பூட்டாங்க ஐயா. அவன என் இடுப்புலயே வெச்சிக்கினு வளத்தேன். எங்க அப்பா சாவும்போது என் கையில அவன் கையக் குடுத்துட்டுப் போனாரு. ஊரே நல்லவன்னு சொல்லுது. நானும்தான் சொல்லிக்கினு வர்றேன். இப்ப உங்ககிட்டகூட அப்பிடித்தானே சொன்னேன். அதனால புக்கு சொல்லட்டும்னு இருந்தேன். நான் வாயத் தொறக்காமயே அந்த மின்னொளி பொண்ணு எனக்காக வாணாம்னு சொல்லிடும்னு ஒரு வருசமா காத்துக்கினு இருந்தேன். எங்க தெருவுல எல்லாரும் கதைக்காகக் காத்தாங்க. நான் இதுக்காகக் காத்தேன்.

இல்லைங்க. அவன் மேல கொறை ஒண்ணும் இல்ல. சும்மா, பொண்ணு படிக்கணும்னு ஆசைப்படுது, அவ்ளோதான். வேற இன்னா இருக்கப் போவுது.

வெயில் ஏறுது, நான் கெளம்புறேன். அங்க உலையில அரிசி போடணும். நீங்க யோசிச்சி வெச்சிக்கோங்க. வர முடியலன்னாலும் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். ஒரு சொம்பு தண்ணி மட்டும் குடுங்க, தொண்டை காஞ்சி போச்சி. இப்பிடி கையில ஊத்துங்க, போதும். ஆங், போதும் போதும்.

இதுவா? தழும்புதான். முந்தானைக்குள்ளயே இருக்கும், வெளிய தெரியாது. பழசு ஐயா, ஆறிப்போச்சி. சின்னவன் வயித்துல இருந்தப்ப முசரவாக்கத்துக்குப் போயிருந்தேன், கொழம்புல உப்பு தூக்கலாப் போச்சி. அடுப்புல எரிஞ்சிக்கினு இருந்த கட்டைய எடுத்து இந்த முழங்கை மேல வெச்சிட்டான். யாருன்னா, பரசுராமன்தான். வெச்சி, நான் கத்துறது நிக்கிற வரைக்கும் எடுக்கல. அப்பால உக்காந்து அதே கொழம்ப ஊத்திக்கினு தின்னான்.

வெளிய சொல்லாதம்மா, ஒரே ஆம்பளப் புள்ளன்னு எங்க அப்பா கையப் புடிச்சிக்கினாரு. சுடுதண்ணி கொட்டிக்கினேன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். எங்கூட்டுக்காரரும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருக்காரு. அன்னிலேர்ந்து சுடுதண்ணி தவலைய என்னத் தொடவே வுட மாட்டாரு ஐயா. தெனம் காலையில தறியில எறங்குறதுக்கு மின்ன அவரேதான் எறக்கி வெக்கிறாரு.